தொகுப்பும் ஆய்வே: மார்கரெட் டேஹாஃபும் உயிர்த்தகவலியலின் தோற்றமும்

முன்னுரை

மனித மரபணுத்தொகையின் முதல் வரைவு 2001ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டபோது உலகம் அதனை உயிரியலின் பெருவெற்றியாகக் கொண்டாடியது. கணினியின் துணையின்றி அவ்வெற்றி கிட்டியிருக்காது என்பதும் உடன் பேசப்பட்டது. ஆயின், உயிரியலும் கணினியும் எக்காலத்தில், எவர் முயற்சியால் இணைந்தன என்னும் வினா நம் வகுப்பறைகளில் அரிதாகவே எழுகின்றது. அவ்வினாவிற்கு விடை தேடிச் செல்வோர் முதன்மையாகச் சந்திக்கும் பெயர் மார்கரெட் ஓக்லி டேஹாஃப் என்னும் அமெரிக்க அறிவியலாளருடையதாகும். உயிர்த்தகவலியல் என்று இன்று நாம் வழங்கும் துறைக்கு அடித்தளம் இட்டவர்களுள் அவர் முன்னிற்கின்றார்.

அவர்தம் ஆய்வு வாழ்க்கையை வரலாற்று நோக்கில் ஆராய இக்கட்டுரை முற்படுகின்றது. அவ்வாழ்க்கையில் இரு சிக்கல்கள் ஊடுருவி நிற்கக் காண்கிறோம். பிறர் கண்டறிந்தவற்றைத் திரட்டி ஒழுங்குபடுத்துவது ஆய்வாகுமா என்பது ஒன்று. அவ்வாறு திரட்டப்பட்ட தொகுப்பு எவருக்கு உரியது என்பது மற்றொன்று. பதிப்பு, அகராதி, நூலடைவு முதலிய பணிகளில் ஈடுபடுவோர்க்கு இவ்விரு சிக்கல்களும் புதியவை அல்ல. ஆதலின், ஓர் அறிவியலாளரின் வரலாறாயினும் மொழித்துறையினராகிய நாமும் கருதிப் பார்க்கத்தக்கது இது என எண்ணுகிறோம்.

கணிதத்திலிருந்து வேதியியலுக்கு

மார்கரெட் 1925ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் பிலடெல்பியாவில் பிறந்தார். பத்தாம் அகவையில் பெற்றோருடன் நியூயார்க் நகருக்குக் குடிபெயர்ந்தார். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்று 1945இல் பட்டம் பெற்றார். பின்னர்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கிம்பால் என்பாரின் வழிகாட்டலில் குவாண்டம் வேதியியலில் ஆய்வு மேற்கொண்டு 1948இல் முனைவர் பட்டம் பெற்றார்.

அவ்வாய்வேட்டிலேயே அவருடைய பிற்காலப் பணியின் வித்து புலப்படுகின்றது. கரிம மூலக்கூறுகளின் ஆற்றலைக் கணக்கிட நீண்ட, சலிப்பூட்டும் கணக்கீடுகள் தேவைப்பட்டன. அக்காலத்தில் வணிக நிறுவனங்கள் கணக்குவழக்குகளுக்காகத் துளையட்டைப் பொறிகளைப் பயன்படுத்தி வந்தன. மார்கரெட் அப்பொறிகளை வேதியியல் கணக்கீட்டிற்குப் பயன்படுத்தினார். ஒரு தேவைக்காகச் செய்யப்பட்ட கருவியை வேறொரு தேவைக்குத் திருப்பும் இவ்வாற்றலே அவர்தம் தனித்தன்மை எனலாம். இவ்வாய்வின் பயனாகக் கொலம்பியாவில் இயங்கிய வாட்சன் கணிப்பு ஆய்வகத்தின் ஆய்வுக்கொடையும் அவருக்குக் கிட்டியது.

1948இல் எட்வர்ட் டேஹாஃப் என்னும் இயற்பியலாளரை மணந்தார். ராக்பெல்லர் நிறுவனத்தில் சில ஆண்டுகள் பணியாற்றிய பின் கணவருடன் மேரிலாந்து மாநிலத்திற்குச் சென்றார். இரு பெண்மக்களை வளர்க்கும் பொருட்டு 1950களில் சில ஆண்டுகள் முழுநேர ஆய்விலிருந்து விலகியிருந்தார். 1960ஆம் ஆண்டில் தேசிய உயிர்மருத்துவ ஆய்வு அறக்கட்டளையில் துணை இயக்குநராகப் பொறுப்பேற்றார். இலாப நோக்கற்ற அவ்வமைப்பை நிறுவியவர் ராபர்ட் லெட்லி. பல் மருத்துவமும் இயற்பியலும் பயின்ற லெட்லி, மருத்துவத்திலும் உயிரியலிலும் கணினியைப் புகுத்த வேண்டும் என்பதில் உறுதிகொண்டவர். டேஹாஃபின் முதன்மையான ஆய்வுகள் அனைத்தும் இங்கிருந்தே வெளிவந்தன.

துண்டுகளை இணைத்த கணினி

அக்காலச் சூழலைச் சற்று நோக்குதல் தகும். புரதம் என்பது அமினோ அமிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்ட சங்கிலி. அவ்வமிலங்கள் இருபது வகைப்படும். எந்த அமிலத்தை அடுத்து எது நிற்கின்றது என்னும் வரிசையே புரதத்தின் இயல்பை வரையறுக்கின்றது. பிரெட்ரிக் சாங்கர் இன்சுலினில் உள்ள 51 அமினோ அமிலங்களின் வரிசையை ஏறத்தாழப் பத்தாண்டுக் கால உழைப்பால் கண்டறிந்தார். அதற்காக 1958இல் நோபல் பரிசும் பெற்றார்.

நீண்ட சங்கிலியை அப்படியே படிக்கும் வழி அன்று இல்லை. அதனைப் பல துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே படித்து, பின் ஒன்றிணைக்க வேண்டும். துண்டுகளின் முறை எது என்பதை எவ்வாறு அறிவது? 'பல்கலைக்கழகம்' என்னும் சொல்லைக் கொண்டு இதனை விளக்கலாம். இச்சொல்லை அறியாத ஒருவரிடம் 'கழகம்', 'பல்க', 'லைக்' என்னும் மூன்று துண்டுகளைக் கலைத்துத் தருவதாகக் கொள்வோம். எது முன், எது பின் என அவரால் கூற இயலாது. அதே சொல்லை வேறு இடங்களில் வெட்டி 'ழகம்', 'பல்', 'கலைக்க' என்னும் துண்டுகளையும் தந்தால் நிலைமை மாறுகின்றது. 'கலைக்க' என்பதன் நடுவே 'லைக்' அடங்கியிருக்கின்றது. அதன் முன்னுள்ள ககரம் 'பல்க' என்பதன் இறுதியோடும், பின்னுள்ள ககரம் 'கழகம்' என்பதன் முதலோடும் பொருந்துகின்றன. மேற்படியும் பகுதிகளே முறையைக் காட்டிவிடுகின்றன.

சில துண்டுகளாயின் கையாலேயே பொருத்திவிடலாம். நூற்றுக்கணக்கான துண்டுகளாயின் மனித மூளை திணறும். டேஹாஃபும் லெட்லியும் இப்பணிக்கென ஐபிஎம் 7090 கணினியில் இயங்கும் 'காம்புரோட்டீன்' என்னும் நிரலை எழுதி, 1962ஆம் ஆண்டில் கணினி மாநாடொன்றில் அதனை விளக்கினர். 124 அமினோ அமிலங்கள் கொண்ட ரைபோநியூக்ளியேஸ் என்னும் நொதியின் துண்டுகளைக் கொண்டு சோதித்தபோது, கணினி சில நிமிடங்களில் அவற்றை இணைத்துத் தந்தது. பிற்காலத்தில் மனித மரபணுத்தொகையை இணைத்த நிரல்கள் அளவிலும் நுட்பத்திலும் இதனைப் பன்மடங்கு விஞ்சியவை. எனினும், மேற்படியும் பகுதிகளைக் கொண்டு முழுமையை மீட்டெடுத்தல் என்னும் அடிப்படைக் கருத்து இரண்டிற்கும் பொதுவாகும்.

புரத வரிசைத் தொகுப்பு நூல்

நிரல் மட்டும் இருந்தால் போதாது, அது செயற்படுவதற்கு வேண்டிய தரவும் தேவை. அன்று கண்டறியப்பட்ட புரத வரிசைகள் பல்வேறு ஆய்விதழ்களில் சிதறிக் கிடந்தன. டேஹாஃபும் அவருடைய குழுவினரும் இதழ்களைத் துருவி வரிசைகளை எடுத்தனர், துளையட்டைகளில் பதிந்தனர், பிழைகளைக் களைந்தனர், ஐயமுள்ள இடங்களில் மூல ஆய்வாளர்களுக்கு எழுதிக் கேட்டனர். அவ்வுழைப்பின் பயனாக 1965ஆம் ஆண்டில் 'புரத வரிசை, அமைப்பு நிலப்படநூல்' என்னும் பொருள்படும் தலைப்பில் முதல் தொகுப்பு வெளிவந்தது. ரிச்சர்ட் எக், மேரி சாங், மின்னி சோச்சர்ட் ஆகியோர் உடன் தொகுத்தனர். அம்முதற் பதிப்பில் 65 வரிசைகள் இடம்பெற்றன.

அச்சிறு நூல் பின்வந்த பதிப்புகளில் விரிந்துகொண்டே சென்றது. 1972இல் ஐந்தாம் தொகுதியும், அதற்கு 1973, 1976, 1978 ஆகிய ஆண்டுகளில் பின்னிணைப்புகளும் வெளிவந்தன. காந்த நாடாவிலும் தரவு வழங்கப்பட்டது. உயிர்வேதியியல் ஆய்வகங்களில் இந்நூல் அன்றாடக் கையேடாயிற்று.

கணினியின் நினைவகமும் துளையட்டையின் இடமும் குறுகியவையாக இருந்த காலம் அது. அமினோ அமிலங்களை மூன்றெழுத்துச் சுருக்கங்களால் குறிப்பதே வழக்கமாயிருந்தது. 80 நிரல்கள் கொண்ட அட்டையில் அம்முறைப்படி 26 அமிலங்களையே எழுத முடியும். ஓரெழுத்தால் குறித்தால் 80 அமிலங்களை எழுதலாம். ஆதலின், ஒவ்வொரு அமிலத்திற்கும் ஓர் உரோம எழுத்தை வழங்கும் முறையை டேஹாஃப் வகுத்து வளர்த்தார். முதலெழுத்துத் தனித்து நின்ற இடத்தில் அதுவே கொள்ளப்பட்டது. ஒரே எழுத்திற்குப் பல அமிலங்கள் போட்டியிட்ட இடத்தில் ஒலியொப்புமை துணைக்கு வந்தது. ஃபினைலலனின் என்பதன் ஆங்கில முதலெழுத்து 'பி' ஆயினும் ஒலி கருதி 'எஃப்' என்னும் எழுத்து அதற்கு வழங்கப்பட்டது. அனைத்துலகப் பெயரிடல் ஆணையம் 1968இல் ஓரெழுத்து முறையைப் பரிந்துரைத்தது. இன்றளவும் உலகெங்கும் புரத வரிசைகள் இவ்வெழுத்துகளிலேயே எழுதப்படுகின்றன.

ஒப்பீட்டிலிருந்து வரலாறு

தொகுப்பின் உண்மையான பயன் ஒப்பீட்டில் வெளிப்பட்டது. ஓலைச்சுவடிகளை ஒப்புநோக்கும் பதிப்பாசிரியர், இரு படிகளில் ஒரே பிழை காணப்படின் அவை ஒரே மூலப்படியிலிருந்து வந்தவை என ஊகிப்பார். உயிரினங்களின் புரதங்களையும் இவ்வாறே ஒப்புநோக்கலாம். பொதுவான மாற்றங்களைக் கொண்டு எவ்வுயிர் எவ்வுயிருக்கு நெருங்கியது எனக் கணித்து, பரிணாம மரம் வரையலாம். மிகக் குறைந்த மாற்றங்களால் விளக்கத்தக்க மரமே ஏற்கத்தக்கது என்னும் நெறியில் எக்கும் டேஹாஃபும் 1966ஆம் ஆண்டில் கணினி வழியே அத்தகைய மரங்களை உருவாக்கினர்.

அதே ஆண்டில் ஃபெரடாக்சின் என்னும் சிறு புரதத்தைப் பற்றி அவ்விருவரும் எழுதிய கட்டுரை 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. 55 அமினோ அமிலங்களைக் கொண்ட அப்புரதத்தின் இரு பாதிகளும் ஒன்றையொன்று ஒத்திருந்தன. இன்னும் சிறிய பழம்புரதமொன்று இரட்டித்து உருவானதே இது என அவர்கள் காட்டினர். உயிரின் மிகத் தொன்மையான நிலையைப் புதைபடிவத்தில் அன்றி, இன்று வாழும் நுண்ணுயிரின் புரதத்திலேயே படிக்க இயலும் என்பது அக்கட்டுரையின் உட்கிடை.

ஒப்பீட்டிற்கு அளவுகோல் வேண்டும். மாணவர் ஏடுகளைத் திருத்தும் தமிழாசிரியர், ழகரத்திற்கு மாற்றாக ளகரம் வந்திருப்பின் வியப்படைவதில்லை. ழகரம் நிற்க வேண்டிய இடத்தில் டகரம் வந்திருப்பின், அது வேறு சொல்லோ என ஐயுறுவார். எல்லா மாற்றங்களும் ஒரே நிகழ்தகவுடையன அல்ல என்பதே இதன் பொருள். புரதங்களிலும் சில அமினோ அமிலங்கள் ஒன்றற்கொன்று எளிதில் மாறிக்கொள்கின்றன, சில அரிதாகவே மாறுகின்றன. டேஹாஃபும் ஷ்வார்ட்ஸ், ஆர்கட் ஆகியோரும் நெருங்கிய உறவுடைய புரதங்களின் 71 தொகுதிகளில் 1572 மாற்றங்களை எண்ணி, எம்மாற்றம் எத்துணை எளிது என்பதை அட்டவணையாக வகுத்தனர். 1978இல் வெளிவந்த அவ்வட்டவணை 'பாம்' அணி என வழங்கப்படுகின்றது. நூறு அமிலங்களுக்கு ஒரு மாற்றம் என்னும் சிற்றளவிலிருந்து தொடங்கி, அணிப் பெருக்கத்தால் நெடுங்கால மாற்றத்தையும் அவர்கள் கணித்தனர். கணிதம் பயின்ற மாணவியின் கை இங்குத் தெளிவாகத் தெரிகின்றது. 1992இல் 'பிளோசம்' என்னும் புதிய அணி வந்து பல பயன்பாடுகளில் இதன் இடத்தைப் பெற்றது. எனினும், தரவிலிருந்தே அளவுகோலை வருவிக்கும் நெறியை நிலைநாட்டியது 'பாம்' அணியே.

1982ஆம் ஆண்டில் வினோனா பார்க்கரும் டேஹாஃபும் கண்டறிந்த ஓர் உண்மை, தொகுப்பின் ஆற்றலை ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பித்தது. கோழிகளில் புற்றுநோயை உண்டாக்கும் ஒரு வைரசின் 'சார்க்' மரபணு உருவாக்கும் புரதமும், பாலூட்டிகளின் உயிரணுக்களில் இயல்பாகச் செயற்படும் ஒரு நொதியும் உறவுடையவை என அவர்கள் காட்டினர். வெவ்வேறு ஆய்வகங்களில் வெவ்வேறு நோக்கங்களுக்காகப் படிக்கப்பட்ட இரு வரிசைகளை ஒருங்கே வைத்து நோக்கியதால் அந்த உறவு புலனாயிற்று.

தொகுத்தவர் ஆய்வாளரா?

இத்துணைப் பயன் விளைத்த பணிக்கு உரிய மதிப்பு உடன் கிட்டியதா எனின், இல்லை என்றே விடைகூற வேண்டியுள்ளது. 1960களின் இறுதியில் அமெரிக்க உயிர்வேதியியலாளர் சங்கத்தில் உறுப்பினராக டேஹாஃப் விழைந்தார். அவர்பால் நல்லெண்ணம் கொண்ட மூத்த அறிவியலாளர் ஒருவரே, உறுப்பினர் தேர்வு மூல ஆய்வின் அடிப்படையில் அமைவது என்றும், தொகுப்பு நூலை மூல ஆய்வாகக் கருதுதல் அரிது என்றும் அவருக்கு எழுதினார். தனிமனிதர் ஒருவரின் காழ்ப்பாக இதனைக் கொள்ளுதல் பொருந்தாது. ஆய்வுக்கூடத்தில் கையால் சோதனை செய்து புதியதொன்றைக் கண்டறிவதே அறிவியல் என்னும் அக்காலக் கருத்தின் வெளிப்பாடாகவே நாம் இதனைக் காண்கிறோம்.

இக்கருத்தின் பிழை எங்குள்ளது? தொகுத்தல் என்பது வெறும் அடுக்குதல் அன்று. ஒரே புரதத்திற்கு இருவர் இருவேறு வரிசை தந்தால் எதனை ஏற்பது? எவ்வளவு ஒத்திருந்தால் இரு புரதங்களை ஒரே குடும்பமாகக் கொள்வது? இவ்வினாக்களுக்கு விடைகாணாது தொகுப்பின் ஒரு பக்கத்தையும் நிரப்ப இயலாது. புரதங்களைக் குடும்பம், பெருங்குடும்பம் என வகைப்படுத்தும் முறை இவ்வினாக்களிலிருந்தே பிறந்தது. ஓரெழுத்துக் குறியீடும் மாற்ற அணியும் அவ்வாறே தொகுப்பின் தேவையிலிருந்து எழுந்தவை. தொகுப்பைக் கழித்துவிட்டு டேஹாஃபின் ஆய்வை மட்டும் தனியே எடுத்துக்காட்ட எவராலும் இயலாது.

உடைமையா, பொதுமையா?

இரண்டாம் சிக்கல் இதனினும் நுட்பமானது. நிலையான அரசு மானியம் போதிய அளவில் கிட்டாத நிலையில், அறக்கட்டளை தொகுப்பு நூலையும் காந்த நாடாவையும் விலைக்கு விற்றது, மறுபகிர்விற்குக் கட்டுப்பாடும் விதித்தது. தம் வரிசைகளை விலையின்றித் தந்த ஆய்வாளர் சிலர், அவற்றையே விலை கொடுத்துப் பெற வேண்டியிருப்பதை எண்ணி மனக்குறை கொண்டனர். தொகுத்தவர் தரப்பிலும் நியாயம் இருந்தது. பதிவோர்க்கும் சரிபார்ப்போர்க்கும் ஊதியம் தர வேண்டும், கணினிக்கும் செலவு உண்டு. உழைப்பை இலவசமாக எதிர்பார்த்த துறை, அதற்குரிய மதிப்பையும் தரவில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

1970களின் பிற்பகுதியில் டிஎன்ஏ வரிசைகளைப் படிக்கும் விரைவான முறைகள் தோன்றியதும் தரவு வெள்ளமெனப் பெருகியது. டேஹாஃபின் குழு உட்கரு அமில வரிசைகளையும் தொகுத்து, 1980இல் தொலைபேசி இணைப்பு வழியே அணுகத்தக்க தரவுத்தளமாக வழங்கியது. தொலைவிலிருந்து கணினி வழியே வினவத்தக்க வரிசைத் தளங்களுள் அதுவே முன்னோடி.

அதே வேளையில், அமெரிக்க அரசு தேசிய அளவிலான டிஎன்ஏ தரவுத்தளம் ஒன்றை அமைக்க ஒப்பந்தம் கோரியது. டேஹாஃபின் அறக்கட்டளை ஒருபுறமும், லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் வால்டர் கோட் தலைமையிலான குழு மறுபுறமும் போட்டியிட்டன. தரவின்மீது உரிமை கோராது, தடையின்றி அனைவருக்கும் வழங்குவதாக லாஸ் அலமோஸ் குழு முன்வந்தது. 1982இல் ஒப்பந்தம் போல்ட், பெரானெக், நியூமன் நிறுவனத்திற்கும் லாஸ் அலமோஸ் குழுவிற்கும் சென்றது. 'ஜென்பேங்க்' எனப் பெயர்பெற்ற அத்தளம் இன்று உலகின் முதன்மையான மரபணுத் தரவுத்தளங்களுள் ஒன்று.

இம்முடிவை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? தரவு பொதுமையாதல் வேண்டும் என்னும் கொள்கை வென்றது அறிவியலுக்கு நன்மையே. மரபணுத்தொகை ஆய்வு பின்னாளில் பெற்ற வேகம் அக்கொள்கையின்றி வாய்த்திருக்காது. எனினும், இத்துறையை உருவாக்கியவரே அதன் பெரும்பணியில் இடம்பெறாது போனது வரலாற்றின் முரண். இருபது ஆண்டுகள் நிலையான ஆதரவு கிட்டியிருப்பின் அறக்கட்டளை விற்பனையை நாடியிருக்குமா என்னும் வினா எஞ்சி நிற்கின்றது.

இறுதி ஆண்டுகளும் தொடர்ச்சியும்

ஏற்பு முற்றிலும் வாராமல் இல்லை. டேஹாஃப் உயிர் இயற்பியல் சங்கத்தின் செயலாளராகவும், 1980-81இல் தலைவராகவும் பணியாற்றினார். மறைவுக்குச் சிறிது காலம் முன்னரும் புரதத் தரவுத்தளத்திற்கு நிலையான நிதி வேண்டி விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தார். 1983ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள், 57ஆம் அகவையில் மாரடைப்பால் மறைந்தார்.

அவர் வேண்டிய தளம் 'புரதத் தகவல் வளம்' என்னும் பெயரில் 1984இல் அமைந்தது. லெட்லியும் பார்க்கரும் அதனை முன்னெடுத்துச் சென்றனர். ஆமோஸ் பைரோக் 1986இல் தொடங்கிய 'சுவிஸ்-புராட்' தொகுப்பும் தொடக்கத்தில் இத்தரவைப் பயன்படுத்திக்கொண்டது. 2002இல் இவ்விரு மரபுகளும் ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனத்துடன் இணைந்து 'யூனிபுராட்' என்னும் ஒரே தளமாயின. அத்தளம் எவரும் கட்டணமின்றி அணுகத்தக்கது. 65 வரிசைகளுடன் தொடங்கிய நூலின் வழித்தோன்றல் இன்று பல கோடி வரிசைகளைக் கொண்டு விளங்குகின்றது. உயிர் இயற்பியல் சங்கம் 1984 முதல் இளம் பெண் அறிவியலாளர்க்கு அவர் பெயரால் விருதும் வழங்கி வருகின்றது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் சில முடிபுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, உயிர்த்தகவலியல் கணினியின் வேகத்தால் மட்டும் தோன்றியதன்று. சிதறிக் கிடந்தவற்றைத் திரட்டி, பிழை களைந்து, ஒப்பிடத்தக்க வடிவில் நிறுத்திய பொறுமையான உழைப்பே அதன் தாய். இரண்டாவதாக, தொகுப்பை ஆய்வினும் தாழ்ந்ததாகக் கருதும் போக்கு ஆய்வாளரை மட்டுமன்றித் துறையையும் பாதிக்கின்றது. மதிப்பளிக்கப்படாத பணிக்கு நிதி கிட்டாது, நிதி கிட்டாத தொகுப்பு விலைப்பொருளாகும், விலைப்பொருளான தொகுப்பு மீண்டும் ஐயத்திற்கு உள்ளாகும். டேஹாஃபின் வாழ்க்கையில் இச்சுழற்சி முழுமையாக நிகழ்ந்ததைக் கண்டோம்.

மின்னூலகம், சொல்வங்கி, மின்பதிப்பு எனத் தமிழிலும் தொகுப்புப் பணிகள் பெருகிவரும் காலம் இது. அவற்றில் உழைப்போரின் பணியை ஆய்வாக மதிப்பதா, எழுத்தர் பணியாக ஒதுக்குவதா என்பதைப் பல்கலைக்கழகங்களில் பதவி உயர்வும் ஆய்வுநிதியும் முடிவு செய்யும் குழுக்களே தீர்மானிக்கின்றன. அக்குழுக்களில் அமர்வோருள் நம்மவரும் உளர். தொகுப்பை மூல ஆய்வாகக் கருதுதல் அரிது என எழுதப்பட்ட அம்மடலை அவர்கள் நினைவிற்கொள்வார்களாயின், இவ்வரலாற்றை நாம் படித்ததற்குப் பயன் உண்டு.